கொறடுக்குச் சந்தனம்

சிங்கப்பூரிலிருந்து யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால் எங்கள் உறவில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். சென்ட், சாக்லேட், கோடாலித் தைலம், தடவினால் முடி கொட்டாது என்று யாரோ சொன்ன ஏதோ ஒன்று. என் அத்தை மட்டும் ஒரு கொறடு கேட்டாள். அதுவும் வாயால் கேட்கவில்லை. ஒரு தாளில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, ‘ஸ்பிரிங் கண்டிப்பாக இருக்க வேண்டும்’ என்று எழுதி அதன்கீழ் இரண்டு கோடு இழுத்து, தன்னோடு வேலை பார்த்தவரின் தம்பியிடம் கொடுத்தனுப்பினாள். அந்த மனிதர் அதை மருந்துச் சீட்டைப் போலப் பத்திரமாகக் கொண்டுபோய், சொன்னது சொன்னபடி வாங்கிவந்தார்.

புத்தகத் தமிழில் அது குறடு. ஆனால் இலக்கணப்படி ‘குறட்டை எடுத்தாள்’ என்று எழுதப்போனால் அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள் என்று ஆகிவிடும். எனவே எங்கள் வீட்டு வழக்கப்படி கொறடு என்றே வைத்துக்கொள்கிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. செம்பாக்கத்தில் எங்களோடுதான் இருந்தாள். நாவலூரைத் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் உதவியாளர் வேலை. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், “இருங்க, மிக்ஸி ஒரு மாதிரி சத்தம் போடுது” என்று எழுந்து போய்விடுவாள். அவள் கழற்றிப் பார்க்காத பொருள் எங்கள் வீட்டில் அப்பா மட்டும்தான் என்று அம்மா சொல்வாள்.

கொறடு வருவதற்கு முந்தைய வருஷ மழையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து அத்தைக்கு வலது மேல்கை முறிந்தது. பிளேட் வைத்து எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் எலும்பை ஒட்டிப் போகிற நரம்பு ஒன்று அடிபட்டிருந்தது. அதனால் கை விசித்திரமாக ஆகிவிட்டது. மூடும், திறக்காது. டம்ளரைப் பிடித்துக் காப்பி குடித்துவிடுவாள். டம்ளரைக் கீழே வைக்க இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். நரம்பு மெதுவாகத்தான் வளரும், வந்தால் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “என் தங்கச்சி கையில ஒண்ணு போச்சுன்னா போனதுதான்” என்று அப்பா கிண்டல் செய்வார். அத்தையும் சிரிப்பாள். அவளும் சேர்ந்து சிரித்ததால் அது பெரிய விஷயமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாதாரணக் கொறடால் அவளால் ஒரு ஒயரை வெட்டிவிட முடியும். அடுத்த ஒயருக்குக் கொறடு வாயைத் திறக்க வேண்டுமே, அங்கேதான் நின்றுவிடுவாள். சிங்கப்பூர்க் கொறடுக்கு உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங். பிடியை அமுக்கிவிட்டு விசையைத் தளர்த்தினால் போதும், அதுவாக விரிந்து, கூடவே அவள் விரல்களையும் விரித்துவிடும். அமுக்குவது அவள் வேலை, திறப்பது அதன் வேலை.

எட்டு வயதில் எனக்கு இந்த நியாயமெல்லாம் முக்கியமில்லை. அது திறக்கிற அழகுதான் முக்கியம். மடித்து வைத்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஓரத்தில் உள்ள சின்னத் தாழைத் தள்ளினால் ‘டக்’ என்று ஒரு குதி. வாய் திறந்து, வேலை கொடு என்று நிற்கும். பிடிக்குள்ளே ஒரு கத்தி, ஒரு அரம், இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு டப்பாத் திறப்பான், என்னவென்றே தெரியாத ஒரு கொக்கி. ஒருமுறை மோட்டாரைப் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் அதை வாங்கி நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்து, “இன்னாக்கா இது, வுட்டா தன்னால தொறந்துக்குது! நம்ம கையிலகீறத திருப்பித் திருப்பிப் பிரிச்சே சாயங்காலத்துல விரல் பேஜாராயிடுது” என்றார். மோட்டார் ரிப்பேரான துக்கத்தை எல்லோரும் மறந்துவிட்டோம்.

அத்தையின் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ கொறடு இருக்கும். அப்பாவின் மூக்குக் கண்ணாடித் திருகு, கேஸ் ட்யூப் கிளிப், என் ஜாமெட்ரி பாக்ஸின் நசுங்கிய மூடி, மேல்வீட்டு அக்காவின் கொலுசுக் கொக்கி, எல்லாவற்றுக்கும் அதுதான். அம்மாவுக்கு மட்டும் அதன்மேல் ஒரு இளக்காரம். “ஒரு கொறடுக்கு இவ்ளோ பெருமையா?” என்பாள். ஒருநாள் இடுக்கி எங்கோ காணாமல்போய், பால் பொங்கிவர, கையில் கிடைத்த கொறடால் பாத்திரத்தை இறக்கிவிட்டாள். இறக்கியதும் அதை இரண்டு தடவை டக் டக் என்று அமுக்கிப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்றதும், “போய்ப் படி” என்றாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அத்தை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். புது லேப் தயாராகிறதாம். நாற்பது போர்டுக்கு ஒயர் இழுத்துக் கொடுக்க வேண்டுமாம். பூஜை விடுமுறை முடிந்த முதல் நாளே, துறைத் தலைவர் கூட இருந்து பார்ப்பாராம். முடியவில்லை என்றால் லேபுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு அத்தையை லைப்ரரிக்கு மாற்றிவிடுவார்களாம்.

“புக்குக்கு நம்பர் ஒட்டுற வேலை அண்ணி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்னு சொல்றார்” என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள்.

“ஏசி ரூம்தானே, உக்காந்த வேலைதானே” என்று அம்மா ஆறுதலாகத்தான் ஆரம்பித்தாள். அத்தை அவளைப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அத்தையே தேறிவிட்டாள். மாடியில் உட்கார்ந்து துண்டு ஒயர்களை வெட்டி, தோல் உரித்து, முறுக்கி, மணிபார்த்துப் பழகினாள். கொறடு இருந்தால் நாற்பது என்ன, நானூறு போர்டு போடுவேன் என்று என்னிடம் சொன்னாள். நானும் நம்பினேன். அந்தக் கொறடைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் சந்தனம் குங்குமம் வைக்கிற பதவி என்னுடையது. அம்மா சுண்டலுக்குத் தாளிப்பாள், அப்பா தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து பொரி, அவல், வாழைக்கன்று, பூசணிக்காய் என்று ஸ்கூட்டரையே மறைத்துக்கொண்டு வருவார். நான் ஒரு கிண்ணத்தில் சந்தனப் பொடியைப் பன்னீர் விட்டுக் குழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவேன். தையல் மிஷின், அரிவாள்மணை, கிரைண்டர், கத்தரிக்கோல், கம்ப்யூட்டர், அப்பாவின் ஸ்கூட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. ஃபிரிட்ஜுக்கு மூன்று, அது பெரியது என்பதால்.

கடைசியில் கொறடு வந்தது. அதற்கு ஒரு பொட்டு போதுமா? மற்றதெல்லாம் ஒரே வேலை செய்கிற ஜாதி. இது பத்து வேலை செய்கிறது. நான் தாழைத் தள்ளித் திறந்து, ஒவ்வொரு உறுப்பாக வெளியே இழுத்து, கத்திக்கு ஒன்று, அரத்துக்கு ஒன்று, பெயர் தெரியாத கொக்கிக்கு ஒன்று என்று வைத்தேன். பிறகு ஸ்பிரிங் ஞாபகம் வந்தது. எல்லாப் புகழும் அதனால்தானே வருகிறது. அத்தையின் மறுநாளுக்கு மறுநாள் அதன் கையில்தானே இருக்கிறது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலால் வழித்து, குங்குமத்தையும் கலந்து, ஸ்பிரிங் இருந்த சந்துக்குள் இனி இடமில்லை என்கிறவரைக்கும் திணித்தேன். மடித்து மூடி, வெளியே வழிந்ததைத் துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தக அடுக்கின்மேல் வைத்தேன். அவ்வளவு பக்தியாக நான் அதற்கு முன்னும் பின்னும் எதையும் செய்ததில்லை.

பூஜையில் வைத்த புத்தகத்தையும் ஆயுதத்தையும் மறுநாள் விஜயதசமியன்று மறுபடி பூஜை செய்து எடுக்கிறவரை தொடக்கூடாது. புத்தகத்தைத் தொடாமல் இருக்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ஒரு மாதம்கூட இருப்பேன். கொறடைத் தொடாமல் இருக்கத்தான் முடியவில்லை. விஜயதசமி காலையில் அம்மா வாசலில் கோலம் போட, அத்தை குளிக்க, அப்பா பேப்பர் படிக்க, நான் மெல்லப் போய் கொறடை எடுத்துத் தாழைத் தள்ளினேன். ஒரே ஒரு டக் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான்.

சத்தமே இல்லை. நகத்தால் நெம்பினேன், அசையவில்லை. நேற்று வரை குதித்துக்கொண்டிருந்தது கல்லாக இறுகிக் கிடந்தது.

சந்தனம் காய்ந்து இறுகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூஜை முடியாமல் தொட்டேன், சரஸ்வதிக்குக் கோபம், வாயைப் பூட்டிவிட்டாள். கண்ணெதிரே இவ்வளவு தெளிவாக இருந்தபோது வேறு காரணத்தை யார் தேடுவார்கள்? கொறடை இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட்டு இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டேன். தோப்புக்கரணம் பிள்ளையாருக்கு உரியது, சரஸ்வதி ஏற்றுக்கொள்வாளா என்ற சந்தேகத்தில் இன்னொரு இருபத்தொன்று போட்டேன். பூஜையில் கற்பூரம் காட்டும்போது கண்ணைத் திறக்கவே இல்லை. குழந்தைக்கு எவ்வளவு பக்தி என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது.

பூஜை முடிந்ததும் அத்தை முதல் காரியமாகக் கொறடை எடுத்தாள். தாழைத் தள்ளினாள். இடது கையால் இழுத்துப் பார்த்தாள். அப்பா, “பூஜை லீவு அதுக்கு இன்னும் முடியல போல” என்றார். வழக்கமாகச் சிரிக்கிற அத்தை சிரிக்கவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் அப்பாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தாம்பரத்தில் திறந்திருந்த இரண்டு ஹார்ட்வேர் கடையிலும் கேட்டுவிட்டு வெறும் கையோடு வந்தார். “ஸ்பிரிங் வச்சதான்னு சிரிக்கிறான். இன்னாத்துக்கு சார் ஸ்பிரிங்கு, கை கீதுல்ல…” என்று கடைக்காரன் சொன்னதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், அத்தையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். சுண்டல் தட்டு அப்படியே இருந்தது.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. “நான்தான் அத்தை. பூஜைக்கு முன்னாடியே தொட்டுட்டேன். சாமிக்குக் கோவம் வந்துடுச்சு” என்று அழ ஆரம்பித்தேன். தோப்புக்கரணக் கணக்கையும் ஒப்பித்தேன். அத்தை என்னையும் கொறடையும் மாறிமாறிப் பார்த்தாள். கொறடை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

“சாமி இல்லடி, சந்தனம்” என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எவ்வளவு சந்தனம் வைத்தேன் என்று மட்டும் கேட்டாள். கிண்ணத்தைக் காட்டினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், தன் தலையில்தான். பிறகு அவளே வெந்நீர் போட்டாள். கொறடை ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சேஃப்டி பின்னால் சந்தில் குத்தி எடுத்தோம். மஞ்சளும் சிவப்புமாகக் கரைந்து வந்துகொண்டே இருந்தது. என் பக்திக்கு அளவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து, தானே குனிந்து ஒவ்வொரு சொட்டாக விட்டாள். அந்தக் கொறடை அவள் இளக்காரமாகப் பேசியதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மதியத்துக்குமேல் கொறடு வாய் திறந்தது. பாதிதான் திறந்தது. டக் என்று குதிக்கவில்லை, கிழவரைப் போல மெல்ல அசைந்து நடுவழியில் நின்றுகொண்டது. ஸ்பிரிங்குக்குள் இன்னும் எங்கோ சந்தனம் இருந்திருக்கும். அல்லது என் குத்தலில் அது வளைந்திருக்கும். இதற்குமேல் முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

சாயங்காலம் முழுக்க அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து அதை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு படி கீழே உட்கார்ந்து எண்ணினேன். விமானம் ஒன்று தாழப் பறந்துபோனபோது எண்ணிக்கை தவறிவிட்டது, நூறு என்று குத்துமதிப்பாக வைத்துக்கொண்டேன். அமுக்குவாள், அது பாதி விரியும், அங்கே நிற்கும். அவள் அதையே முறைத்துப் பார்ப்பாள். சற்றுப் பொறுத்து மீதியும் விரியும். “எண்ணெய் இறங்குதா அத்தை?” என்று கேட்டேன். அவள் மறுபடி அமுக்கினாள். நடுவில் ஒருமுறை இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் அவள் அந்தப் பாதிக் கொறடையே எடுத்துக்கொண்டு காலேஜ் பஸ்ஸுக்குப் போனாள். அம்மா வாசல்வரை வந்து நின்றாள், வழக்கமாக அப்படி வருகிறவள் இல்லை. எனக்கு ஸ்கூலில் ஒரு பாடமும் ஏறவில்லை. நாற்பது போர்டு, நாற்பது போர்டு என்றே ஓடிக்கொண்டிருந்தது. என்னால் அத்தை லைப்ரரியில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டப்போகிறாள். சரஸ்வதி தன் வேலைக்கே அத்தையை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கேட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். டிபன் சாப்பிட அம்மா கூப்பிட்டபோது போகவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவளே வந்து தெருமுனையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அத்தை வந்தாள். என்னைத் தாண்டி, செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு, நேரே சமையலறைக்குப் போனாள். ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்திருந்த அப்பாவும் பின்னாலேயே போனார்.

“நாப்பதும் முடிஞ்சுது அண்ணி” என்றாள். “லைப்ரரிக்கு வேற ஆள் பாக்கணும்னு அவரே சொல்லிட்டாரு.”

அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். “அந்தக் கொறடை வச்சா?”

“பாதி அது தொறந்துச்சு. மீதியை நான் தொறந்தேன்.”

அது என்ன பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் இருவரும் மட்டும் ஏன் இப்படி வாயடைத்து நிற்கிறார்கள்? எனக்கு வேண்டிய நல்ல சேதி கிடைத்துவிட்டது, அத்தை லேபிலேயே இருக்கப்போகிறாள், சாமி மன்னித்துவிட்டது. நான் கைதட்டிக் குதித்தேன். அத்தை பையிலிருந்து கொறடை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“இந்தா, இனிமே இது உனக்கு. வச்சுக்கோ.”

என் குதி நின்றுவிட்டது. உலகத்திலேயே எனக்குப் பிடித்த பொருள். ஆனால் எனக்குத் தெரியாதா? நான் கெடுத்துவிட்டேன், பாதிதான் திறக்கிறது, அதனால் தள்ளிவிடுகிறாள். கோபத்தை வெளியே காட்டாமல் இப்படிக் காட்டுகிறாள். படம் வரைந்து கேட்டு வாங்கியதைச் சும்மா யாராவது கொடுப்பார்களா? “எனக்கு வேணாம், இது உன்னோடது. நீயே வச்சுக்கோ அத்தை, நான் இனிமே தொடவே மாட்டேன்” என்று அழுதுகொண்டே அதை அவள் கைக்குள் திணிக்கப் பார்த்தேன்.

“வேணாம்டி” என்றாள் அத்தை. “நிஜமாவே எனக்கு வேணாம்.”

நான் விடாமல் திணித்தேன். அவள் பின்னால் நகர்ந்து, வேண்டாம் என்று வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டித் தடுத்தாள். ஐந்து விரல்களும் தனித்தனியாக, நேராக, முழுக்க விரிந்திருந்தன. லேசாக நடுங்கினாலும் விரிந்தே நின்றன. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். கரண்டியை எங்கோ போட்டுவிட்டு அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, தூசி விழுந்தவரைப் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பாதி திறந்த கொறடையே பார்த்துக்கொண்டு, எல்லோரையும் அழவைத்துவிட்டேனே என்று இன்னும் சத்தமாக அழுதேன்.